ஞாயிற்றுக்கிழமை நாற்றம்

24.8.86, ஞாயிறு

இன்றும் அறுத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்றாவது தடவை. அதே தாமரைக் கூட்டம், அதே விரால். அவன் வாயில் என் தூண்டில் முள் மூன்று இருக்க வேண்டும், கடை வைக்கலாம். தண்ணீர் பிளந்து சத்தம் கேட்டதும் என் கை தானாக வெட்டி இழுத்துவிடுகிறது. பொறுக்கத் தெரியாத கை. தங்கூசி என்கிற நைலான் நரம்பு அறுந்து முகத்தில் வந்து அடித்தபோது நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

தவசிமுத்து கரையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். எங்கள் மில் ஃபிட்டர்; என்னை இந்தப் பைத்தியத்தில் இழுத்துவிட்ட மகாபாவி. மீன் என் தோள் நீளம் இருக்கும் என்று சொன்னேன். "போன வாரம் முழங்கை நீளம்னு சொன்னிய. ஏழு நாள்ல இம்புட்டு வளந்துட்டா, சாமி?" என்றான். காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த வாய்.

என் நிலைமையை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்பா யதிராஜன் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் கோஷ்டியில் ஐம்பது வருஷமாகப் பாசுரம் சொல்கிறவர். எங்கள் வீட்டில் முட்டைக்கோஸைக்கூட வெறும் கோஸ் என்றுதான் சொல்லுவோம். அந்த வீட்டுப் பிள்ளை சம்பத்குமார், ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லின் டைம் கீப்பர், ஞாயிற்றுக்கிழமையானால் தேவதானம் பக்கத்துக் கண்மாயில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான். மீன் எப்படி ருசிக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. பிடித்ததெல்லாம் தவசிமுத்து வீட்டுக்குப் போகிறது. எனக்கு அந்த ஒரு இழுப்பு போதும். நரம்பு விறைத்து, கம்பு வளைந்து, கண்ணுக்குத் தெரியாத ஒருவன் கையைப் பிடித்து இழுக்கிறானே, அது.

புளியும் சாம்பலும் போட்டுக் கை தேய்த்துவிட்டு வந்தேன். அப்படியும் என் ஆத்துக்காரி அரவிந்தவல்லி வாசலிலேயே சட்டையை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். இன்றைக்கும் மெஷின் கிளீனிங்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

25.8.86

பொய் ஆரம்பித்து ஒரு வருஷமாகப் போகிறது. முதல் ஞாயிறு அவள் இது என்ன நாற்றம் என்று கேட்டபோது, மெஷின் கழுவுகிற எண்ணெய் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைதான் கழுவுவார்கள், டைம் கீப்பர் கூடவே நிற்க வேண்டும் என்று அதற்கு ஒரு வாலும் வைத்தேன். அவளும் நம்பினாள், அப்பாவும் நம்பினார். கருவாட்டு நாற்றம் என்றால் கண்டுபிடித்திருப்பார்கள், சந்தைப் பக்கம் போனால் யாருக்கும் தெரியும். உயிர் விராலின் வழவழப்பும் கண்மாய்ச் சேறும் கலந்தால் என்ன வாசம் என்று எங்கள் தெருவில் பிறந்த யாருக்குத் தெரியும்?

இந்த டைரியை என் மில் கணக்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறேன்.

29.8.86, வெள்ளி

அரவிந்தவல்லி இன்று இரவும் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் பட்டினி கிடக்கிறாள். எதற்கு என்று நான் கேட்பதில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம், தொட்டில் கட்டாத வீடு. வேறு எதற்கு இருப்பாள்? கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயம்.

31.8.86, ஞாயிறு

விராலுக்கு உயிர்த் தவளைதான் இரை. தவசிமுத்து தவளையின் தொடையில் முள்ளைக் குத்தி வீசுவான். அது தண்ணீரில் உதைத்துக்கொண்டு நீந்தும், விரால் பாயும். எனக்கு அந்தத் தவளையின் முழியைப் பார்க்க முடியவில்லை. மீன் வாயில் முள் ஏற்றுகிறவன் தவளைக்காக உருகுகிறேன். இதில் என்ன நியாயமோ, குத்த முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ரப்பர் தவளை. கொல்லையில் அரவிந்தவல்லியின் பச்சை ஹவாய்ச் செருப்பு கிடந்தது, வார் அறுந்த வலதுகால். பிளேடால் செதுக்கினேன். வயிற்றுக்கு அடியில் முள்ளை ஒளித்து, காலுக்கு மில் கழிவு நூலில் இரண்டு குஞ்சம். கண்ணுக்கு அவளுடைய அறுந்த பாசிமாலையிலிருந்து இரண்டு கருப்பு மணி. என்னைப் பார்த்து முழிக்கிறது, அப்படியே எங்கள் ஜெனரல் மேனேஜர்.

தவசிமுத்து பார்த்துவிட்டு, இதைத் தின்கிற மீன் கண் தெரியாத மீனாகத்தான் இருக்கும் என்றான். பதினோரு மணிக்கு அதே தவளையில் முக்கால் கிலோ விரால்! அவன் அந்த மீனை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வீட்டில் அரவிந்தவல்லி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். வார் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாளாம். நாய் தூக்கிப் போயிருக்கும் என்றேன்.

7.9.86, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. சட்டையைக் கழற்றிவிட்டுத் தூண்டிலை வீசினேன். பின்னால் போன முள் என் பூணூலில் மாட்டிக்கொண்டது. முன்னால் வீச வீச நான் சுற்றுகிறேன். தவசிமுத்து சிரித்து சிரித்துச் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். கடைசியில் பூணூல் அறுந்தது.

பூணூல் இல்லாமல் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? மில்லுக்குப் போய், சாவி வாங்கி, நாற்பதாம் நம்பர் நூலில் மூன்று புரி முறுக்கி, தெரிந்த மந்திரத்தைச் சொல்லிப் போட்டுக்கொண்டேன். அப்பா பார்த்தவுடனே பிடித்துவிட்டார். ஆவணி அவிட்டத்துக்குப் போட்டது என்ன ஆயிற்று என்றார். மெஷின் பெல்ட்டில் மாட்டி அறுந்துவிட்டது என்று சொன்னேன்.

சொன்ன பிறகுதான் அரவிந்தவல்லியின் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தாள். "பூணூலோட போச்சே, கை போயிருந்தா?" என்றாள்.

17.9.86

புரட்டாசி பிறந்துவிட்டது. இந்த மாதம் முழுக்க கண்மாய்ப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. பெருமாள்மேல் ஆணை.

21.9.86, ஞாயிறு

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கம்பு எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. இரண்டு கெளுத்தி. பெருமாளே, கெளுத்தி மீன் கணக்கில் சேராது.

12.10.86, ஞாயிறு

ஆயுத பூஜை. மில்லில் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அரவிந்தவல்லி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ரிங் ஃபிரேம் வரிசைகளைக் காட்டிக்கொண்டே போனேன். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை.

ஒரு மெஷினருகே அவள் நின்றாள். குனிந்து மோந்து பார்த்தாள். அடுத்த மெஷின். அதற்கடுத்தது. எனக்குச் செருப்பில் முள் ஏறின மாதிரி ஆகிவிட்டது. இங்கே அந்த நாற்றமே இல்லையே என்றாள். பூஜைக்காகத் துடைத்திருக்கிறார்கள் என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்தேன்.

கேட்டில் வாட்ச்மேன் மாரிசாமி பொரி கொடுத்தார். நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவள் குரல் – இன்னிக்குப் பூஜை, அதனால ஞாயித்துக்கிழமை வேலை தப்பிச்சுது இல்லியா? அதற்கு அந்த மனுஷன், "ஞாயித்துக்கிழம எம்மா வேல? மில்லு லீவுல்லா" என்கிறார்.

பஸ்ஸில் பதினொரு கிலோமீட்டர். அவள் பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

14.10.86

கேட்கவில்லை. காபி வருகிறது, சாதம் வருகிறது, அப்பாவோடு பேச்சு வருகிறது. என்னிடம் மட்டும் இல்லை. கேட்டுத் தொலையேன்! பதிலாவது யோசிப்பேன்.

15.10.86, புதன்

கேட்டுவிட்டாள்.

ராஜபாளையத்தில் அவள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் பக்கத்தில் ஒரு மீன்கார அம்மாள் காலிக் கூடையோடு வந்து உட்கார்ந்தாளாம். பேர்கூடக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், வெள்ளத்தாய். இவள் அந்தக் கூடையையே பார்த்துவிட்டு, இது என்ன நாத்தம் என்று கேட்டாளாம். "நாத்தமா? விரால் மீன் வாசம்லாம்மா" என்று சிரித்தாளாம் அவள்.

இதையெல்லாம் அடுக்களையில், அப்பா காதில் விழாதபடி, அரிசி களைந்துகொண்டே சொன்னாள். பிறகு கையை உதறிவிட்டு நேராகப் பார்த்தாள்.

"யார் ஆத்துல சாப்பிடறேள்? யார் அவ?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் – என்ன சொல்வேன்? மீன் சமைக்கிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று நினைக்கிறாள். குழந்தை இல்லை என்று தேடிக்கொண்டேன் என்று நினைக்கிறாள். இல்லை என்று கத்தியிருக்க வேண்டும். வாய் திறந்தால் கண்மாய், தூண்டில், அப்பா, கோஷ்டி எல்லாம் வெளியே வரும். மென்று விழுங்கினேன். அந்த ஒரு நிமிஷம் நான் பேசாமல் நின்றதே அவளுக்குப் பதிலாகிவிட்டது.

மடையா. மடையா. மடையா.

16.10.86

காலை பஸ்ஸில் வத்திராயிருப்புக்குப் போய்விட்டாள், பிறந்த வீடு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். பெரிய டிரங்குப் பெட்டியை எடுத்துப் போயிருக்கிறாள்.

17.10.86, வெள்ளி

அங்கேயும் பட்டினிதான் கிடக்கிறாளோ என்னவோ. நானும் சாப்பிடவில்லை. அப்பா, ரெண்டு பேருக்கும் என்னடா என்றார்.

19.10.86, ஞாயிறு

தூண்டில் சாமான் வைக்கிற பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு வத்திராயிருப்புக்குப் போனேன். மாமியார் நல்ல ஆரோக்கியத்தோடு அப்பளம் இட்டுக்கொண்டிருந்தார்.

கொல்லையில் மாமரத்தடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்மாய், தவசிமுத்து, எண்ணெய்ப் பொய், பூணூல், எல்லாம். வாழ்க்கையில் இவ்வளவு உண்மை ஒரே மூச்சில் பேசினது கிடையாது. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மீன் சாப்பிடாதவா எதுக்கு மீன் பிடிக்கணும்? கதை கட்டறதையாவது நன்னாக் கட்டப்படாதா?" என்றாள்.

தூண்டில்காரன் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள் என்று தவசிமுத்து சொல்லுவான். நீளத்தைப் பற்றித்தான் சொல்கிறான் என்று இருந்தேன்.

டப்பாவைத் திறந்து ரப்பர் தவளையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். பச்சை ரப்பரைத் திருப்பிப் பார்த்தாள். விரலால் அந்தக் கருப்பு மணிகளைத் தொட்டாள். நாய் தூக்கிப் போச்சுன்னேளே என்றாள். அடுத்த நொடி முகம் மறுபடியும் இறுகிவிட்டது. செருப்பைச் செதுக்குவது பெரிய காரியமா, ராத்திரி உட்கார்ந்து செதுக்கிக் கொண்டுவரலாம் இல்லையா?

"என் கண் முன்னாடி ஒரு மீன் பிடிச்சுக் காட்டுங்கோ. அன்னிக்கு நம்பறேன். இல்லேன்னா இங்கேயே இருந்துடறேன்."

அடுத்த ஞாயிறு.

22.10.86

மழை. விடாமல் கொட்டுகிறது. கண்மாய்க்குப் புதுத் தண்ணீர் வந்து கலங்கிக் கிடக்கிறதாம். இந்த மாதிரித் தண்ணீரில் விரால் எங்கே போய்ப் படுக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஏழு நாள் கெடு கொடுத்தவளுக்கு இது தெரியுமா?

25.10.86

தவசிமுத்து ஒரு யோசனை சொன்னான். உயிர் விரால் ஒன்றைச் சந்தையில் வாங்கி, வாயில் முள்ளை மாட்டித் தண்ணீருக்குள் கட்டி வைத்துவிடலாம், அம்மா வந்ததும் இழுத்தால் போதும். ஒரு நிமிஷம் ஆசை வந்தது. வந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். வேண்டாம் என்றேன். அவன் பீடியை அணைத்துவிட்டு, "அப்படின்னா ஒண்ணு செய்யும் சாமி. புதுத் தண்ணி உள்ள வார இடத்துல, புல்லு ஓரத்துல போடும். சத்தம் கேட்டதும் வெட்டாதியும். அவன் வாயில வாங்கித் திரும்பட்டும்" என்றான்.

நரம்பை இரட்டைப் புரியாக முறுக்கி வைத்திருக்கிறேன்.

26.10.86, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டரைக்குக் கண்மாய்க்கரை. அவள் குடையைப் பிடித்துக்கொண்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, கரைமேல் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். தவசிமுத்து கிட்டவே வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அவன் பிடித்ததை நான் பிடித்ததாகக் காட்டிவிடுவேனாம். பாவம், மடைக்கு அந்தப் பக்கம் மருதமரத்தடியில் போய்க் குத்தவைத்தான்.

ஒன்பது மணி. ஒன்றும் இல்லை. பத்து மணி. ஒன்றும் இல்லை. தாமரைக் கூட்டம் முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. ஓடை வந்து விழுகிற இடத்துக்குப் போய்ப் புல் ஓரமாக வீசினேன். இரண்டு குதி இழுத்து, நிறுத்தி, பத்து எண்ணி, மறுபடி இரண்டு குதி. தூறல் வேறு. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பதினொன்றரைக்கு அவள் எழுந்து குடையை மடக்கினாள். போகலாம் என்கிறாள், அவ்வளவுதான், தீர்ந்தது.

ஒரே ஒரு தடவை என்றேன். வீசினேன். இரண்டு குதி. நிறுத்தினேன். ஏழு எண்ணியிருப்பேன்.

தண்ணீர் வெடித்தது. பச்சைத் தவளையைக் காணோம். கை துடிக்கிறது, வெட்டு வெட்டு என்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நரம்பு மெதுவாக ஓரம் போயிற்று. திரும்பிவிட்டான். இப்போது வெட்டினேன்.

அவன்தான். சத்தியமாக அவன்தான், வேறு எந்த மீனுக்கும் அந்தக் கனம் இல்லை. கம்பு வில்லாக வளைந்தது. நரம்பு அறுந்துபோகவில்லை. வயிறு வெளுத்து ஒரு தடவை புரண்டதை அவளும் பார்த்தாள், ஐயோ பெருமாளே என்ற சத்தம் கேட்டது. முழங்கால் தண்ணீர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். அப்போதுதான் முள் நழுவியது. கம்பைப் போட்டுவிட்டு அப்படியே மேலே விழுந்தேன். இரண்டு கையாலும் மார்போடு அணைத்தேன். சேற்றுக்குள் நானும் அவனும். வாலால் என் தாடையில் ஒரு அறை வைத்துவிட்டு, சட்டைக்கும் கைக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போய்விட்டான்.

சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். மீன் இல்லை. காட்ட ஒன்றும் இல்லை.

அவள் இறங்கி வந்தாள். செருப்பை எங்கோ விட்டுவிட்டு, சேற்றில் வெறுங்காலோடு. குனிந்து என் சட்டைத் தோளைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். மூச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. நன்றாக உள்ளே இழுத்தாள்.

"இதேதான்," என்றாள்.

தவசிமுத்து ஓடி வந்தான். எம்புட்டு இருக்கும் சாமி என்றான். நான் வாயில் போன சேற்றைத் துப்பிக்கொண்டிருந்தேன். அரவிந்தவல்லி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். நிஜ மீன் அதில் முக்கால்தான் இருக்கும். நான் திருத்தவில்லை.

பஸ்ஸில் எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சமாதானம் ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். சேத்தூர் தாண்டினதும் அழ ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டேன். இப்போதுதான் நம்பிவிட்டாயே, அப்புறம் என்ன?

"ஒரு வருஷமா வெள்ளிக்கிழமை ராத்திரி நான் எதுக்குப் பட்டினி கிடந்தேன்னு நெனச்சேள்? அந்த நாத்தத்துல கெடந்து கஷ்டப்படறாரே, மெஷின்ல கையைக் குடுத்துடுவாரோ, அந்த வேலையிலேருந்து இவரை மாத்தி விடு தாயேன்னு. உங்க சட்டையைத் தோய்க்கறச்சே எல்லாம் எனக்கு அழுகையா வரும்."

குழந்தைக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் கரையில் ஆனந்தமாக நின்ற ஒவ்வொரு ஞாயிறுக்கும் அவள் ஒரு வெள்ளி பட்டினி. பஸ் என்றும் பார்க்காமல் நானும் அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தவர் அடுத்த சீட்டுக்குப் போனார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினோம். வத்திராயிருப்பு பஸ் பக்கத்திலேயே நின்றது. அதில் ஏறாமல் எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள்.

31.10.86, வெள்ளி

நாளை தீபாவளி. ராத்திரி அவளும் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் பரிமாறினேன். இரண்டாவது தடவை ரசம் கேட்டாள்.

9.11.86, ஞாயிறு

கண்மாய்ப் பேச்சை இரண்டு வாரமாக நான் எடுக்கவில்லை. இன்று காலை குளித்துவிட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே இருப்பது என்று முடிவு. அப்பா, இன்னிக்கு மில் இல்லியா என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மை சொல்ல தைரியம் வரவில்லை. பேப்பரைத் திருப்பினேன்.

அடுக்களையிலிருந்து அவள் குரல் வந்தது. "மெஷின் கிளீனிங் உண்டுப்பா. கெளம்பிண்டே இருக்கார்."

வெளியே வந்து துணிப்பையை என் மடியில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. இருட்டறதுக்குள்ள வந்துடுங்கோ என்றாள், அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் பையைத் திறந்து பார்த்தேன். புளியோதரை. கை தேய்க்க ஒரு உருண்டை பழம்புளி. அடியில் பேப்பரில் சுற்றி அந்தப் பச்சை ஹவாய்ச் செருப்பின் இடதுகால்.